குன்று மகளுக்கு, மலை மகனுக்கு

முப்பத்தோரு வருஷமாகச் சொற்களுக்குப் பொருள் எழுதிவந்த பெர்சிதாவை அதுவரை யாரும் அதற்காகக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டதில்லை. பெல்கிரேடில் அகராதி நிலையத்தின் மூன்றாம் மாடியில் அவளுக்கு ஒரு மேஜை. அந்த மேஜைக்கு வந்த கடிதம் மரியாதையான அழைப்பா, சம்மனா என்று படித்து முடித்த பிறகும் அவளுக்குப் புரியவில்லை. 'மலை', 'குன்று' ஆகிய இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி நிபுணர் கருத்துச் சொல்ல மார்ச் பதினொன்றாம் தேதி காலை ஒன்பதரைக்கு வரவேண்டும் என்று தென்மேற்கே ஒரு சிற்றூர் நீதிமன்றம் கேட்டிருந்தது. அது மலைப்பகுதி. ஆனால் கடிதம் ஜாக்கிரதையாக 'இப்பகுதி' என்றே எழுதியிருந்தது. அடியில் யாரோ பேனாவால் 'அகராதியையும் கொண்டுவரவும்' என்று சேர்த்திருந்தார்கள்.

அகராதி அதுவரை இருபது தொகுதி வந்திருந்தது. பெர்சிதா இரண்டை மட்டும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

வழக்கு இதுதான். க்ருஷ்கோவோ கிராமத்தில் ஒப்ரேன் என்பவர் எண்பத்து மூன்றாம் வயதில் இறந்துபோனார். சாவதற்கு நாலு மாதம் முன்பு, செப்டம்பரில், ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தன் கையாலேயே உயில் எழுதி வைத்திருந்தார். "வீடும் மாடுகளும் முன்பே ரோசந்தாவின் பேரில் இருக்கின்றன. குன்று ரோசந்தாவுக்கு. மலை மிலோயேவுக்கு. சண்டை போடவேண்டாம்." ரோசந்தா மகள், மிலோயே மகன். இதில் பொருள் தெளிவாக இருந்தது கடைசி வாக்கியம் ஒன்றுதான். அதைத்தான் இரண்டு பேரும் கேட்கவில்லை.

நிலம் ஒரே பட்டை. வீட்டுக்குப் பின்னால் தொடங்கி உச்சி வரைக்கும் ஏறிப் போகிறது. முதலில் பிளம் தோப்பு. தோப்பு வேலியின் மேல்பக்கம் ஒரு மரப்படல். படலைத் திறந்தால் பெரிய புல்வெளி, அதன் மேல் ஓரத்தில் ஒரு புல்கொட்டகை. அதற்கும் மேலே ஓக் காடு, காட்டுக்கு மேலே மொட்டை உச்சி. மொத்தத்துக்கும் ஊரில் கோலிஷ் என்று ஒரே பெயர். தோப்பு குன்று என்பதில் அக்கா தம்பிக்குள் தகராறு இல்லை. காடும் உச்சியும் மலை என்பதிலும் இல்லை. நடுவில் கிடந்த புல்வெளிதான் நாலு வருஷமாகக் கோர்ட்டில் இருந்தது. ரோசந்தாவுக்கு ஒன்பது மாடு, அந்தப் புல் இல்லாவிட்டால் குளிர்காலம் தாண்டாது. மிலோயே பட்டணத்தில் டயர் கடை வைத்திருந்தான். அவனுக்கு அந்த இடத்தில் சனி ஞாயிறு வந்து தங்க ஒரு மரவீடு கட்டவேண்டும். ஆறு வளைந்து போவது அங்கிருந்துதான் தெரியும்.

மிலோயே முதலில் ஒரு புவியியல் நிபுணரைக் கூட்டிவந்தான். கடல் மட்டத்திலிருந்து ஐந்நூறு மீட்டருக்கு மேலே இருப்பதெல்லாம் மலை என்றார் அவர். ரோசந்தாவின் வீட்டு வாசற்படியே அறுநூற்று நாற்பது மீட்டரில் இருந்தது. அவர் கணக்குப்படி கோழிக்கூடும் கழிப்பறையும்கூட மலையில் சேர்ந்தன, ரோசந்தாவுக்குக் குன்று என்று ஒன்றுமே மிஞ்சவில்லை. உடனே ரோசந்தா இன்னொரு நிபுணரைப் பிடித்தாள். சுற்றியுள்ள தரையிலிருந்து எவ்வளவு எழும்புகிறது என்றுதான் பார்க்கவேண்டும், அறுநூறு மீட்டராவது எழும்பாதது மலையே அல்ல என்றார் இவர். கோலிஷோ, கீழே ஓடும் ஓடையிலிருந்து முந்நூற்று இருபது மீட்டர்தான் எழும்புகிறது. ஆக, மிலோயேவுக்கு ஒரு பிடி மண்கூட இல்லை. இரண்டு அறிக்கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்த நீதிபதி ஸ்லவித்சா, மூன்றாவதாக அகராதியைக் கூப்பிட்டார்.

மார்ச் பதினொன்று காலை நீதிபதி இரண்டு தொகுதிகளையும் தானே பிரித்து உரக்கப் படித்தார்.

"மலை: குன்றைவிடப் பெரிய நிலவுயர்ச்சி." அடுத்த தொகுதியைப் புரட்டினார். "குன்று: மலையைவிடச் சிறிய நிலவுயர்ச்சி." கண்ணாடியைக் கழற்றினார். "இதை எழுதினது யாரு?"

"மலை நான் எழுதினது" என்றாள் பெர்சிதா. "குன்று என்கூட வேலை பார்த்தவர் எழுதினது. அவர் இப்போ இல்லை."

"நீங்க எழுதும்போது அவரோடதைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அவர் எதைப் பார்த்து எழுதினாரு?"

"பழைய அகராதியில இருந்த மலையைப் பார்த்திருப்பார்."

மிலோயேவின் வக்கீல் எழுந்தார். "பரீட்சையில பக்கத்து பக்கத்து பெஞ்சுப் பசங்க மாதிரி இருக்கு, நீதிபதியம்மா."

இதைக் குறிப்பில் சேர்க்கவேண்டாம் என்றார் நீதிபதி. குமாஸ்தா ஏற்கெனவே தட்டிவிட்டிருந்தார்.

பெர்சிதாவுக்குக் காது சூடாகிவிட்டது. அந்தச் சொல்லை எழுதிய நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, மணி நாலே முக்கால், பல் டாக்டரிடம் போகவேண்டியிருந்தது. யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தாள்.

"எல்லாரும் பேசுற பேச்சுல மலை எங்க ஆரம்பிக்குதுன்னு என்னால சொல்ல முடியாதும்மா" என்றாள். "ஆனா ஒரு மனுஷன் பேசின பேச்சுல சொல்லலாம். உயிலை எழுதினது அவர்தானே. அவர் எதை மலைன்னு சொன்னார், எதைக் குன்றுன்னு சொன்னார்னு கேட்டு எழுதிட்டு வரேன். நாலு நாள் கொடுங்க."

நீதிபதி ஐந்து நாள் கொடுத்தார்.

க்ருஷ்கோவோவில் பெர்சிதாவுக்கு அன்று சாயங்காலமே அகராதியம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. ரோசந்தாவுக்கு அவள் வயதுதான், ஐம்பத்தெட்டு. ஆள் நல்ல உயரம். நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள். வந்தவளை உட்காரவைத்து ரொட்டி, பாலாடை, வெங்காயம், உப்புக் கண்டம் எல்லாவற்றையும் முன்னால் பரப்பினாள்.

"முதல்ல சாப்பிடுங்க, அகராதியம்மா. வார்த்தை எங்கேயும் ஓடிப்போயிடாது."

"உங்கப்பா பேசினது அப்படியே வேணும். உங்க வார்த்தையில இல்ல, அவர் வார்த்தையில."

"அவர் வார்த்தையில பாதியைக் கோர்ட்டுல படிக்க முடியாது, பரவாயில்லையா?"

பெர்சிதா அட்டைகளை எடுத்தாள். ஒரு பேச்சுக்கு ஒரு அட்டை. என்ன சொன்னார், எங்கே போகும்போது சொன்னார், என்ன வேலையாக. 'மலையில மழை இறங்குது, துணியை எடு.' 'குன்றுப் பக்கம் எட்டிப் பார்த்துட்டு வரேன், சூப்பை இறக்கிடாதே.' 'மலைக்குப் போனா மாடு திரும்பி வருது, மருமகன் வரலை.' இது ரோசந்தாவின் புருஷன் பட்டணத்துக்குப் போய்ப் பட்டணத்திலேயே தங்கிவிட்டதைப் பற்றிச் சொன்னது.

மறுநாள் மிலோயே காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, அக்கா வீட்டு முற்றத்தை மிதிக்காமல், ஓடைப் பாலத்தில் நின்று தன் பங்குக்குச் சொன்னான். குள்ளமான, மூச்சு வாங்குகிற மனிதன். பேச ஆரம்பித்ததும் அவன் முகத்தில் வழக்கு போன இடம் தெரியவில்லை.

"எனக்கு ஒன்பது வயசு. 'டேய், மலைக்கு வரியா, இல்ல அம்மா பாவாடைக்குப் பின்னாடியே நிக்கப் போறியா?'ன்னு கேட்டாரு. எழுதிக்கிட்டீங்களா?"

"எங்க கூட்டிட்டுப் போனார்?"

"அந்தப் புல்வெளிக்குத்தான்! கேட்டுக்கோங்க, புல்வெளிக்கு!"

ஆனால் அதே புல்வெளியைக் குன்று என்று சொன்னதற்கு ரோசந்தா கொடுத்த அட்டை பதினொன்று இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் பெர்சிதா அறுபத்து மூன்று அட்டைகளையும் சமையல்கட்டு மேஜையில் பரப்பினாள். இடவாரியாக அடுக்கினாள், ஒத்துவரவில்லை. பருவவாரியாக அடுக்கினாள். வேலைவாரியாக அடுக்கினாள். எப்படி அடுக்கினாலும் புல்வெளி இரண்டு பக்கத்திலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

"நீங்க சொன்ன இந்த மலை எல்லாத்துலயும்..." என்று ஒரு வரிசையைக் காட்டினாள். "இதுல பொதுவா என்ன இருக்கு? ஏதாவது ஞாபகம் வருதா?"

ரோசந்தா கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இந்த அன்னிக்கு நான் ரொட்டி கட்டிக் கொடுத்தேன். இதுக்கும் ரொட்டி. இதுல அம்மா கட்டினாங்க. இதுக்கும்..."

"இந்தப் பக்கம் இருக்கிற குன்றுக்கெல்லாம்?"

"குன்றுக்கு எதுக்கு ரொட்டி? மத்தியானம் வீட்டுல வந்து சாப்பிடுவாரே."

பெர்சிதா எழுந்து நின்றுவிட்டாள். இந்த மாதிரி ஒரு சந்தோஷம் முப்பத்தோரு வருஷத்தில் நாலைந்து முறைதான் அவளுக்குக் கிடைத்திருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வரமுடிகிற தூரம் குன்று. அதற்கு மேலே மலை. மீட்டரும் வேண்டாம், கடலும் வேண்டாம்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஸ்ரெதென் ஒரு வாய் பிளம் சாராயத்துக்காக உள்ளே வந்தார். ஒப்ரேனின் சிநேகிதர். எண்பத்தொரு வயது. விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

"சரிதான். ஆனா நீங்க எந்த வருஷத்து மலையைத் தேடுறீங்க?"

"மலை வருஷத்துக்கு வருஷம் மாறுமா, ஐயா?"

"முழங்கால் மாறும்ல? நாப்பது வயசுல ஒப்ரேன் உச்சிக்குப் போயிட்டு மத்தியான சூப்புக்கு வந்து உட்கார்ந்துடுவான். அப்போ எங்களுக்கு மலையே கிடையாது, எல்லாம் குன்றுதான். சின்னப் பையன் கூடப் போனா மெதுவாப் போகணும், அது மலை. எழுபதுல ஓக் காட்டுக்குப் போகவே ரொட்டி வேணும்னு ஆயிடுச்சு. அப்புறம் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கி வந்துச்சு."

பெர்சிதா மறுபடி உட்கார்ந்தாள். அட்டைகளில் வருஷத்தையும் எழுதத் தொடங்கினாள்.

நீதிபதி அறிக்கையை முழுவதும் படித்தார். முன்பு வந்த இரண்டைவிட இது மேல் என்றார். பிறகு ரோசந்தாவைக் கேட்டார்.

"உயில் எழுதின அந்த வருஷம் உங்கப்பா எதுவரைக்கும் போய்வந்தாரு?"

"ஞாபகம் இல்லைம்மா" என்றாள் ரோசந்தா. "ஒன்பது மாடு. கறக்கவே நேரம் சரியாப் போயிடும்."

மிலோயேவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வருவான். ஆகவே நீதிமன்றமே இடத்துக்கு வந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. ஏறக்குறைய அதே வயதுள்ள ஸ்ரெதெனை நடக்கவிடுவது, எந்த இடத்தில் அவருக்கு இனி மத்தியானத்துக்குள் வீடு திரும்ப முடியாது என்று தோன்றுகிறதோ அந்த இடத்தில் முளை அடிப்பது.

ஏப்ரல் கடைசியில் ஒரு காலை எட்டரை மணிக்கு நீதிமன்றம் பிளம் தோப்பு வழியாக ஏறியது. முன்னால் ஸ்ரெதென். பின்னால் நீதிபதி, கழுத்தில் வார் போட்டு மடிக்கணினியைத் தொங்கவிட்டுக்கொண்டு குமாஸ்தா, பட்டணத்துச் செருப்போடு வக்கீல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத அக்காவும் தம்பியும், கடைசியில் பெர்சிதா.

"அவசரமே இல்லை, பெரியவரே" என்றார் நீதிபதி. "முடியலைன்னு தோணினா உடனே நின்னுடுங்க."

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். முடியலை என்ற வார்த்தை ஸ்ரெதெனின் முதுகில் சுருக்கென்று பட்டிருக்கவேண்டும். படலைத் திறந்துகொண்டு போனவர் புல்வெளியில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. கொட்டகையைத் தாண்டினார். காட்டுக்குள் நுழைந்தார். குமாஸ்தா ஓர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்து, குறிப்பைக் கீழே போய் எழுதிக்கொள்வதாகச் சொன்னார். பதினொன்று நாற்பதுக்கு ஸ்ரெதென் மொட்டை உச்சியில் நின்று, வந்து சேர்ந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணினார்.

"இதையா மலைங்கறீங்க?" என்றார். "வாங்க இறங்கலாம், சூப்பு ஆறிடும்."

மிலோயே கல்லின்மேல் சாய்ந்திருந்தான். முகம் பீட்ரூட் நிறம். "சித்தப்பா, உங்களுக்கும் அப்பா மாதிரி முழங்கால் போச்சுன்னு சொன்னீங்களே?"

"போச்சுதான். போன வருஷம் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். ரெண்டும் இரும்பு."

"அதை ஏன் கோர்ட்டுல சொல்லலை?"

"கோர்ட்டு வயசைத்தானே கேட்டுச்சு?"

இரும்பு முழங்கால் வைத்து நடந்ததை ஏற்கமுடியாது என்று வக்கீல் அங்கேயே, ஒற்றைச் செருப்போடு, ஆட்சேபம் தெரிவித்தார். நீதிபதி ஆட்சேபத்தை ஏற்றுக்கொண்டார். முளையும் சுத்தியலும் கொண்டுபோனபடியே கீழே வந்தன.

இறங்கும்போது பெர்சிதா பின்தங்கினாள். தோப்புப் படலுக்கு வந்தபோது ரோசந்தா அங்கே வேலியோரத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். அவள் உட்கார்ந்து பெர்சிதா பார்த்ததே இல்லை.

"அகராதியம்மா, அட்டை வச்சிருக்கீங்களா?"

"எப்பவும் இருக்கும்."

"அந்த வருஷம் மார்ச்சுக்கு அப்புறம் அப்பா இந்தப் படலைத் தாண்டலை." ரோசந்தா படலின் கட்டையைத் தடவிக்கொண்டே பேசினாள். "காலையில எழுந்து, ஜேபியில ரொட்டியைப் போட்டுக்குவாரு. 'ரோசா, நான் மலைக்குப் போறேன்'பாரு. இந்தத் தோப்பு ஏறி வர ஒரு மணி நேரம் ஆகும். இதே பலகையிலதான் உட்காருவாரு. இங்கேயே சாப்பிடுவாரு. சாயங்காலம் மாட்டைக் கறந்துட்டு நான் வந்து கூட்டிட்டுப் போவேன்."

பெர்சிதா பேனாவைத் திறக்கவில்லை. "இதை நான் எழுதினா புல்வெளி போயிடும். தெரியுமா?"

"தெரியாமலா ஞாபகம் இல்லைன்னு சொன்னேன்?"

"அப்புறம் ஏன் இப்போ சொல்றீங்க?"

"அவர் பேசினதுன்னு அறுபத்து மூணு எழுதினீங்க. அதுல கடைசியாச் சொன்னது இல்லைன்னா, நானே அவர் வாயை அடைச்ச மாதிரி இருக்கு." எழுந்துகொண்டாள். "எழுதுங்க. எனக்குக் கறக்கற வேலை இருக்கு."

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் பெர்சிதா அந்த அட்டையைப் பையிலிருந்து எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். பிடிக்காத அட்டையைத் தொலைப்பது அவள் தொழிலில் பெரிய பாவம். அப்படித் தொலைத்தவர்களை அவளுக்குத் தெரியும். அவர்களோடு ஒரு மேஜையில் காப்பி குடிக்கமாட்டாள். ஒன்பது மாடு என்று நினைத்துக்கொண்டாள். பிறகு அட்டையின் மூலையில் 64 என்று எண் போட்டாள்.

மே மாதம் கடைசி விசாரணை. பெர்சிதா அதைப் படித்தாள், குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல், மற்ற அறுபத்து மூன்றையும் படித்த மாதிரியே. வக்கீல் முகம் மலர்ந்து மிலோயேவின் தோளைத் தட்டினார். மிலோயே அவர் பக்கம் திரும்பவில்லை. நாலு வருஷத்தில் முதல் தடவையாக அக்காவைப் பார்த்துப் பேசினான்.

"அந்த வருஷம் முழுக்க அதுவரைக்கும்தான் போனாரா?"

"ஆமா."

"ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணும்போதெல்லாம் 'இன்னிக்கு மலைக்குப் போயிட்டு வந்தேன்டா'ம்பாரே. நான் உச்சி வரைக்கும் போறாராக்கும், நல்லா இருக்காரு, இப்போ போய்ப் பார்க்க என்ன அவசரம்னு..."

"பொய் சொல்லலைடா" என்றாள் ரோசந்தா. "மலைக்குத்தான் போனாரு."

கட்சிக்காரர்கள் நீதிமன்றத்தைப் பார்த்துத்தான் பேசவேண்டும் என்று சொல்ல நீதிபதி வாயைத் திறந்தார். சொல்லவில்லை. பெர்சிதா பழக்கதோஷத்தில் ஓர் அட்டை எடுத்து, தொலைபேசியில் சொன்னது, மகனிடம், ஞாயிற்றுக்கிழமைகளில், என்று எழுதி 65 என்று எண் போட்டாள்.

தீர்ப்பு ஜூன் முதல் வாரம் வந்தது. உயில் எழுதப்பட்ட காலத்தில், எழுதியவரின் பேச்சு வழக்குப்படி, கோலிஷ் என்னும் இடத்தில் மலையானது பிளம் தோப்பின் மேற்படலில் தொடங்குகிறது. புல்வெளி மிலோயேவுக்கு. ரோசந்தா அப்பீல் செய்யவில்லை.

நிலையத்துக்குத் திரும்பிய பெர்சிதா, அகராதியின் பிற்சேர்க்கைக்கு என்று ஒரு திருத்தம் எழுதிக் கொடுத்தாள். மலை: காலையில் புறப்பட்டால் மத்தியான உணவுக்கு வீடு திரும்ப இயலாத உயரம். தலைமைப் பதிப்பாசிரியர் அதைப் பென்சிலால் அடித்து, 'யார் நடந்தால்?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார். நியாயமான கேள்வி என்று அவளுக்கும் பட்டது. அடுத்த சொல்லை எடுத்துக்கொண்டாள்.

ஜூலை நடுவில் ஒரு நாள் ஆபீஸ் தொலைபேசியில் ரோசந்தா வந்தாள். பின்னால் இயந்திரச் சத்தம்.

"அகராதியம்மா, நேத்து இவன் வந்து நிக்கறான். 'அக்கா, புல்லை யாரு அறுக்கிறது?'ன்னு கேக்கறான். உன் புல்லு, நீதான் அறுக்கணும்னேன். 'என்கிட்ட மாடு இல்லையே, நான் அறுத்து என்ன பண்றது?'ங்கறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்கிட்ட ஒன்பது இருக்குன்னேன். அப்புறம் இயந்திரத்தை எடுத்துட்டு ஏறினான். முப்பது வருஷமா அறுக்காதவன். நேராவே ஓட்ட வரலை. வேலியில ரெண்டு கம்பத்தைச் சாய்ச்சுட்டான். இப்போ கொட்டகையில படுத்து குறட்டை விடறான்."

"அப்போ இயந்திரம் ஓட்டுறது யாரு?"

"ஸ்ரெதென் சித்தப்பா. இறங்கமாட்டேங்கறாரு." சத்தம் கிட்டே வந்து தூரப் போயிற்று. "நீங்க ஆகஸ்டுல வாங்க, பிளம் பழுக்கும். மரவீட்டுக்கு இடம் அளக்கணும்னு இவன் அப்போ வரானாம். நல்ல இடத்தைக் காட்டிடாதீங்க, நாலு மாடு அங்கதான் படுக்கும்."

பெர்சிதா தன் விடுமுறை நாட்களைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னாள். பார்த்தபோது ஆகஸ்டில் ஒன்பது நாள் பாக்கி இருந்தது. மனுவில் காரணம் என்ற கட்டத்தில் 'சொந்த வேலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.